ஸ்ரீரங்கத்தில் மட்டும் கெட்டுப்போன தொக்கு

எங்கள் வீட்டில் ஒரு கொத்தமல்லித் தழைகூட அழுகிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசை முழுக்க இது தெரியும். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய தழை புதன்கிழமை மஞ்சளாகி, வியாழக்கிழமை குப்பைக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக்குள் வந்த தழைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அம்மா அதை வதக்குவாள், அரைப்பாள், காயவைப்பாள், இடிப்பாள். அழுக மட்டும் விடமாட்டாள்.

சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் அம்மா பையை எடுப்பாள். காலையில் விறைப்பாகப் பேசிய வியாபாரிகள், சாயங்காலம் மிச்சத்தை வண்டியில் திருப்பி ஏற்ற மனமில்லாமல், “எடுத்துக்கிட்டுப் போங்கம்மா” என்று அள்ளிக் கொடுப்பார்கள். மாசி மாதத்தில் கேட்கவே வேண்டாம், கொத்தமல்லி மலிந்து கிடக்கும். பைகள் வந்து இறங்கியபின் எங்கள் வீட்டில் யாரும் காலை நீட்டி உட்கார முடியாது. வேர் தனி, தண்டு தனி, இலை தனி என்று பிரிக்கவேண்டும். வேரைக் கழுவி ரசத்துக்கு வைத்துக்கொள்வாள். தண்டு துவையலுக்கு. அந்த வாரத்துக்கு வேண்டிய கட்டுகளை வேரோடு சொம்புத் தண்ணீரில் நிறுத்திவைப்பாள், அல்லது ஈரத்துணியில் சுருட்டி, மணல் பரப்பிய மண்பானைக்குள் படுக்கவைப்பாள். கறிவேப்பிலை முறத்தில் நிழலில் உலரும். புதினா கொடியில் தலைகீழாகத் தொங்கும். உயரமான ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வரவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுகிற கொத்தமல்லி இலை மொத்தமும் தொக்காகும்.

அந்தத் தொக்குதான் அம்மாவின் புகழ். அலசிய இலையை அப்பாவின் பழைய வேட்டியில் பரப்பி, ஈரம் போகும்வரை மின்விசிறி இல்லாத வீட்டில் முறத்தால் விசிறுவாள். பிறகு புளி, வறுத்த மிளகாய், உப்பு, வெந்தயம், பெருங்காயம் சேர்த்து உரலில் இடித்து, நல்லெண்ணெயில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுருளச் சுருள வதக்குவாள். இதில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஒரு சட்டம்தான்: தண்ணீர் படக்கூடாது. “தண்ணி பட்டா செத்துது” என்பாள். தொக்கு இறங்கும் நாளில் அப்பா குளித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் வராமல், கொல்லையைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வருவார். என் கையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, நம்பிக்கை வராமல் இன்னொருமுறை துடைப்பாள். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்துவிட்டால் அடுத்த மாசி வரை அது அசையாது. போன வருஷத்துத் தொக்கும் இந்த வருஷத்துத் தொக்கும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் அம்மாவுக்கு வலது கை என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அத்தை பாவாடை கட்டிய சிறுமி. அம்மா கல்யாணமாகி வந்தபோது வீட்டில் மாமியாரும் இல்லை, மாமனாரும் இல்லை. வாசலில் இந்தச் சிறுமிதான் நின்றாளாம். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டதும், திட்டியதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும் அம்மாதான். உரலில் இடிப்பது அத்தையின் பொறுப்பு. இடித்துக்கொண்டே எனக்குக் கதை சொல்வாள். கதையில் ராட்சசன் வந்தால் உலக்கை ஓங்கி விழும், ராஜகுமாரி வந்தால் மெதுவாக விழும். நான் பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில்தான் படுத்தேன். அவளுக்கு ஒருநாள் கல்யாணம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணம் என்றால் அவள் படுக்கை காலியாகிவிடும் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம், மேலூர்ப் பக்கம். வாழைத்தோப்பு வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அப்பா எங்கள் தொக்கைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோற்றை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “பொண்ணோட இந்தத் தொக்கையும் சேர்த்து அனுப்பிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளை எங்கள் வீட்டில் ‘ஸ்ரீரங்கத்தம்மா’ என்று சொல்வோம். நல்ல உயரம், கணீரென்ற குரல். கெட்டவர் இல்லை. சட்டதிட்டம் மட்டும் அதிகம்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. அத்தை போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அப்பா சைக்கிளைத் துடைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விட்டார். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினையே பிரித்துப் போட்டுக் கோக்கிற மனிதர். தங்கையைப் பார்க்க ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வாசலிலேயே ஸ்ரீரங்கத்தம்மா கேட்டார்: “வாங்க தம்பி. என்ன, ஏதாச்சும் விசேஷமா?”

அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். “இல்லீங்க... சும்மா, பார்த்துட்டுப் போகலாம்னு” என்று இழுத்தார். ஸ்ரீரங்கத்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “பதினஞ்சு நாள்தானே ஆகுது? கட்டிக் கொடுத்த பொண்ணு புகுந்த வீட்டுல வேர் பிடிக்கணும் தம்பி. பொறந்த வீட்டு ஆளுங்க அடிக்கடி வந்து நின்னா அவ மனசு இங்க நிக்காது. ஆடிக்கு அழைச்சுக்கிட்டுப் போங்க, யாரு வேணாம்னா?”

அத்தை கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கிற வழக்கமில்லை என்று மோர்கூடக் குடிக்காமல் எழுந்தார். திரும்பும்போது பாலத்தின்மேல் எதிர்க்காற்று. அப்பா குனிந்து மிதித்துக்கொண்டே இருந்தார். ஆடிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று நான் கேட்டேன். அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

மாசியில் தொக்கு இறக்கியதும் அம்மா ஒரு ஜாடியைத் தனியாக நிரப்பி, “சம்பந்தி ஐயாவுக்குப் பிடிக்குமே, கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க” என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். இந்தத் தடவை வாசலில் ‘விசேஷமா’ என்ற கேள்வியே வரவில்லை. ஜாடியைக் கண்டதும் சம்பந்திப் பெரியவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். அத்தை என்னைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்பா சட்டையில் பொத்தான் தைத்தது யார், அம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். நான் என் பங்குக்கும் அப்பா பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். சிறு பிள்ளைகளுக்கு வழக்கம் கிடையாது.

அடுத்த மாசி வரை நிற்கவேண்டிய தொக்கு அது. ஆனால் பங்குனி முடிவதற்குள், காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் மூலம் சேதி வந்தது. தொக்கு பூசணம் பூத்துவிட்டதாம். பெரியவர் தயிர்ச்சோற்றை வெறும் உப்போடு சாப்பிடுகிறாராம். முடிந்தால் இன்னொரு ஜாடி வேண்டுமாம்.

அம்மா நம்பவில்லை. அலமாரியைத் திறந்து, அதே நாளில், அதே வாணலியிலிருந்து எங்களுக்கென்று எடுத்து வைத்த ஜாடியைப் பிரித்துப் பார்த்தாள். எண்ணெய் மிதந்துகொண்டு, கறுத்துப் பளபளவென்று இருந்தது. என் நாக்கில் ஒரு துளி வைத்தாள். “எப்படி இருக்கு?” என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அதிகம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. “இது கெடாது” என்று தீர்ப்புச் சொன்னேன்.

இன்னொரு ஜாடி போயிற்று. அதுவும் கெட்டது. அந்த ஜாடியில்தான் கோளாறு என்று, பல வருஷம் எண்ணெய் குடித்த எங்கள் பழைய ஜாடியையே கொடுத்தனுப்பினாள். அதிலும் பூசணம். காலி ஜாடியை அப்பா திருப்பிக் கொண்டுவந்தபோது அம்மா அதற்குள் முகத்தை விட்டு முகர்ந்து பார்த்தாள். “எத்தனை கட்டுத் தழை! அத்தனையும் சாக்கடையில கொட்டியிருப்பாங்க” என்று அவள் புலம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த சேதியில் ஒரு வரி கூடுதலாக வந்தது: ‘சம்பந்தி வீட்டுத் தொக்குக்கு ருசி உண்டு, ஆயுசு இல்லை’ என்று ஸ்ரீரங்கத்தம்மா சொன்னாராம். அன்று அம்மா சாப்பிடவில்லை. தழையை அழுகவிடாதவள் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஊரில் இருந்த பட்டம். அதற்கே வந்துவிட்டது பங்கம்.

ஒவ்வொரு ஜாடிக்கும் அப்பாவும் நானும் சைக்கிளில் போய்வந்தோம். ஒருதடவை பாலத்தின் நடுவில் டயர் வெடித்து, அப்பா சைக்கிளைத் தள்ள, நான் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தோம். அத்தை ஓடிவந்து என் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். “புது டயர் போடுங்கண்ணே. இல்லேன்னா எப்படி வருவீங்க?” என்று அப்பாவிடம் கவலையோடு சொன்னாள். அவள் கவலை தொக்கைப் பற்றியதாக இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். அந்தத் தடவை ஜாடியோடு போனபோது, “புள்ளை நாலு நாள் இருந்துட்டுப் போகட்டுமே தம்பி” என்று ஸ்ரீரங்கத்தம்மாவே சொன்னார். அம்மா இதை எதிர்பார்த்திருக்கவேண்டும். கிளம்பும்போதே பையில் மாற்றுப் பாவாடை இருந்தது. காதில் உத்தரவும் இருந்தது. “யார் கை வைக்கிறா, எப்படி எடுக்கிறா, ஜாடியை எங்க வைக்கிறா, எல்லாம் பார்த்துக்கிட்டு வா.” எனக்கு சி.ஐ.டி. உத்தியோகம் கிடைத்துவிட்ட பெருமை.

என் முதல் சந்தேகம் ஸ்ரீரங்கத்தம்மாமேல். சட்டம் பேசுகிறவர்கள் கை ஈரமாகத்தான் இருக்கும் என்று ஏனோ முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவர் மரக்கரண்டியை அடுப்பு அனலில் காட்டிச் சுடவைத்து, ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜாடியைத் திறந்தார். எங்கள் அம்மாகூட இவ்வளவு செய்யமாட்டாள். அடுத்து பெரியவர். அவர் ஜாடிப் பக்கமே போகவில்லை, தட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. அத்தையின் கொழுந்தன் ஒருவன், என்னைவிடப் பெரியவன், விரலால் வழித்து நக்குகிற ஜாதி. அவனை நான் இரண்டு நாள் நிழலாகத் தொடர்ந்தேன். அவனுக்கு மாவடுதான் உயிர், தொக்கு காரமாம். என்னிடம் சந்தேகப்பட ஆள் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்தம்மா அத்தையிடம் சொன்னார்: “ஒவ்வொருதடவையும் பொன்மலையிலேருந்து வரணுமா? உங்க அண்ணிகிட்ட நீயே கத்துக்கிட்டு வந்திருக்கலாமில்ல?”

“எனக்கு வராதுங்கத்தை. அது அண்ணி கைப்பக்குவம்” என்றாள் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு.

நான் திடுக்கிட்டுப் போனேன். எத்தனை மாசி மாதம் அவள் கையால் இடித்த தொக்கு! எண்ணெய் பிரிகிற பதத்தை அம்மாவுக்கே அவள்தான் வாசனை பிடித்துச் சொல்வாள். “ஏன், அத்தைக்கு நல்லாவே...” என்று நான் ஆரம்பித்ததும், பரிமாறிக்கொண்டிருந்த அத்தையின் கால் என் கால்மேல் அழுத்தமாக ஏறியது. வலித்தது. வாயில் இருந்த சோற்றோடு அந்த வாக்கியத்தையும் விழுங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் வீடு அடங்கிக் கிடந்தது. பெரியவர் தோப்புக்குப் போய்விட்டார். ஸ்ரீரங்கத்தம்மா கூடத்தில் கண்ணயர்ந்திருந்தார். தாகமெடுத்துச் சமையலறைக்குப் போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அத்தை அலமாரியிலிருந்து தொக்கு ஜாடியை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணியை அவிழ்த்தாள். முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு பக்கத்திலிருந்த குடத்துக்குள் கையை விட்டு, நனைந்த விரல்களை ஜாடிக்குள் உதறினாள். பூச்சரம் வாடாமல் தண்ணீர் தெளிப்போமே, அப்படி.

“அத்தை!” என்று கத்திவிட்டேன்.

அவள் பதறிக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே குறட்டை மாறாமல் கேட்டது. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். குற்றம் செய்து பிடிபட்ட முகம் இல்லை அது.

“அப்பா சைக்கிளுக்குப் புது டயர் போட்டுட்டாரா?” என்றாள்.

“போட்டுட்டார்.”

“அப்ப சரி.” ஜாடியின் வாயைத் துணியால் நிதானமாகக் கட்டினாள். “இது இன்னும் கொஞ்ச நாள்ல பூத்துடும். அம்மாகிட்ட இப்பவே சொல்லிவை. அடுத்த தடவை வர்றப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா, பஸ்ஸுல.”

சொந்த அண்ணி ராத்திரி பகலாக உழைத்துக் காப்பாற்றிய தொக்கை, அந்தச் சட்டம் மனப்பாடமாகத் தெரிந்தவளே, சிரித்துக்கொண்டு கொல்கிறாள். கல்யாணமானால் பெண்களுக்குப் புத்தி பேதலித்துப்போகும்போல என்று முடிவுக்கு வந்தேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்ற முடிவும் அன்றைக்கே எடுத்ததுதான். பிற்பாடு அதை நிறைவேற்ற முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துப்புத் துலக்கிய தோரணையில் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயரைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடித்தாயிற்று. இனி அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் புறப்படுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப அவ அழுதாளா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லையே. சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா.”

அம்மா மறுபடி கீரையை ஆயத் தொடங்கினாள். ஆய்ந்த இலையைத் தண்டுக் குவியலில் போட்டாள். தண்டை இலைக் குவியலில் போட்டாள். அவள் கை அப்படித் தப்பு செய்து நான் பார்த்ததே கிடையாது. அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். அன்றைக்கு வெயிலும் கடுமைதான்.

அதற்கு அடுத்த வாரத்தில் அப்பா குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு பாத்தி கட்டினார். எங்கள் ஜாடிகளெல்லாம் ஸ்ரீரங்கத்துக்குப் போய்த் தீர்ந்துவிட்டன. சித்திரை வெயிலில் சந்தைக்கு வருகிற கொத்தமல்லி நாலு இலையோடு நிற்கும். அதனால் கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்து, மேலே தென்னங்கீற்றால் பந்தல் போட்டார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் பாத்திக்கு முன்னால் குந்திக்கொள்வார். செடி மெலிந்து வளர்ந்தது, ஆனாலும் வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “கொத்தமல்லிக்கா இவ்வளவு பாடு?” என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

சேதி வந்தது, பூத்துவிட்டது என்று. அம்மா இந்தத் தடவை கோபிக்கவில்லை. பாத்தித் தழையைப் பறித்து, வேட்டியில் பரப்பி, வழக்கம்போல் விசிறி, என் கையைத் துடைத்து, எண்ணெய் பிரிய வதக்கி, ஆறவிட்டு, ஸ்ரீரங்கத்து ஜாடியில் நிரப்பினாள். துணி கட்டப்போகும் சமயம், சொம்புத் தண்ணீரில் விரல்களை நனைத்து ஜாடிக்குள் உதறினாள்.

“அம்மா! தண்ணி!” என்று அலறினேன்.

“கத்தாதடி. அவ மறந்துட்டான்னா?” என்றாள்.

அத்தையிடமிருந்த நோய் அம்மாவுக்கும் தொற்றிவிட்டது என்று நான் உண்மையாகவே பயந்தேன். அப்பாவிடம் முறையிட்டேன். அவர் பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, “நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்” என்றார். எது நல்லா இருக்கட்டும், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனபோது, எதிர்க்காற்று வீசியும் அப்பா பாலம் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

ஆடிக்கு அத்தை வந்து போனாள். அதற்குப் பிறகும் ஜாடி போய்க்கொண்டேதான் இருந்தது, கெட்டுக்கொண்டேதான் இருந்தது. சில தடவை அம்மாவும் பஸ்ஸில் வந்தாள். அடுத்த வருஷம் அத்தைக்கு வளைகாப்பு. நாங்கள் சித்ரான்னங்களை வாளி வாளியாகச் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம் போனோம். பந்தி நடக்கும்போது ஸ்ரீரங்கத்தம்மா தன் உறவுக்காரப் பெண்களிடம் கணீரென்று சொன்னார்: “சம்பந்தி கையில சோறு பிசைஞ்சா தேவாமிர்தம். ஆனா தொக்கு மட்டும் அந்தக் கைக்கு நிக்காது. இங்க வந்து ஒரு மாசம் தாண்டினதில்ல.” பெண்கள் சிரித்தார்கள். எண்ணெய் கூட ஊற்றவேண்டும் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். வெயிலில் வைக்கவேண்டும் என்று இன்னொருத்தி.

சந்தையில் ஒரு வாடிய கட்டுக்காக வியாபாரியைத் தலைகுனிய வைக்கிற என் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்கம்மா. எத்தனை செஞ்சும் எனக்குப் பக்குவம் வரலீங்க” என்றாள். என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்குவம் வராதா? என் அம்மாவுக்கா? உண்மையைச் சபையில் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அந்தத் தடம் ஒரு வாரம் இருந்தது. கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த அத்தை முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டாள். வளையல்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அம்மாவுக்காக அழுகிறாள் என்று எண்ணி, கொஞ்சம் சமாதானமானேன். குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள்.

அன்று சாயங்காலமே, பிரசவத்துக்கென்று அத்தை எங்களோடு பொன்மலைக்கு வந்துவிட்டாள். அப்போது மாசி மாதம். சந்தை கலைகிற நேரத்துக்கு அம்மா பையை எடுத்தாள். கொத்தமல்லி வந்து இறங்கியது. அத்தையை உரல் பக்கம் அண்டவிடாமல் பலகையில் உட்காரவைத்துவிட்டு அம்மாவே இடித்தாள். பதம் மட்டும் அத்தை சொன்னாள். நான் கதை கேட்டேன். ராட்சசன் வந்தபோது உலக்கை சரியாக விழவில்லை என்று நான் குறை சொன்னதும், “எனக்கு உங்க அத்தை மாதிரி ராட்சசன் வராதுடி” என்றாள் அம்மா. ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் சமையலறையில் நாலு பேர் சத்தம் கேட்டது.

வழக்கம்போல முதல் ஜாடி ஸ்ரீரங்கத்துப் பெரியவருக்கு. அம்மா நிரப்பி முடித்து, துணியைக் கையில் எடுத்தாள். நான் இப்போது விவரம் தெரிந்தவள். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஸ்ரீரங்கத்து ஜாடிக்கென்று தனிப் பக்குவம் உண்டு. காரணம் தெரியாவிட்டாலும் முறை தெரியும். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து அம்மாவின் முன்னால் நீட்டினேன்.

அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

“இப்ப எதுக்குடி தண்ணி?” என்றாள் அம்மா. “அவதான் இங்க இருக்காளே.”

நான் சொம்பும் கையுமாக நின்றேன். அத்தை இங்கே இருப்பதற்கும் தொக்கில் தண்ணீர் தெளிக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் இருவரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா ஜாடியின் வாயை ஒருதரம் உலர்ந்த துணியால் துடைத்து, நம்பிக்கை வராமல் இன்னொருதரம் துடைத்து, இறுக்கிக் கட்டினாள்.

அந்த ஜாடி கெடவே இல்லை. குழந்தை பிறந்து, தொட்டில் போட்டு, அத்தை அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் திரும்புகிறவரை எண்ணெய் மிதக்க அப்படியே இருந்ததாம். பேத்தி பிறந்த ராசி, சம்பந்திக்கும் கடைசியில் பக்குவம் வந்துவிட்டது என்று ஸ்ரீரங்கத்தம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். அவர் சட்டம் பேசுகிற அம்மாள், தெரியாமல் சொல்லமாட்டார் என்று நானும் அதையே நம்பினேன். ஆனால் அத்தை திரும்பிப் போன மாதமே மறுபடி தொக்கு பூத்துவிட்டதாகச் சேதி வந்தது. அந்தச் சேதியைக் கேட்டதும் அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சைக்கிளுக்குக் காற்றடித்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை.